நான்காம் பகுதி காத்திருக்கட்டும்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்தில் பிறந்தது. ஒரு பெண் கணினியின் முன்னால் உட்கார்ந்து, தானே எழுதிய புரோகிராம் சரியாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, கீபோர்டை ஓங்கிக் குத்தினாள். தப்பாக ஓடியிருந்தால் குத்துவதில் ஒரு நியாயம் உண்டு. சரியாக ஓடியதற்குக் குத்தினாள். பக்கத்து நாற்காலியில் இருந்தது நான். என் தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கும்போதே, இதை எழுதாமல் விடப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நாங்கள் இருவரும் ஒரு வார இறுதி வகுப்பில் சேர்ந்திருந்தோம். 'உங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்தை நீங்களே எழுதுங்கள்' என்று மாடிப்படிக்குக் கீழே எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் சேர்ந்த காரணம் அற்பமானது. கதை எதுவும் சிக்காமல் மாதக்கணக்கில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அவள் சேர்ந்த காரணம் வேறு. கணினி பழுதுபார்க்கும் கடையில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க யாருடைய லேப்டாப்பிலாவது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றிக் கொடுப்பதுதான் பிழைப்பு.

"ஏத்தி ஏத்திக் கை தேஞ்சுபோச்சு. உள்ள என்னதான் இருக்குன்னு ஒரு தடவையாவது பாக்க வேணாமா?" என்றாள் முதல் நாளே.

அவளைத் தங்கை என்றே எழுதப் போகிறேன். ஏனென்றால் இதில் ஓர் அண்ணன் இருக்கிறான். ஓர் அம்மாவும் இருக்கிறார். அம்மாவுக்கு நான்காம் பகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறேன். [கதையே அவருடையதுதான். அதனால் அவசரமில்லை, வரட்டும்.]

வகுப்பில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்குள் நடந்ததில் தங்கை சொன்னது பாதி, நான் இட்டுக்கட்டியது பாதி. எது எந்தப் பாதி என்று பிரித்துக் காட்ட மாட்டேன். அந்த அளவுக்குப் பொறுமை இப்போது என்னிடம் இல்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"அந்தக் கண் மருத்துவமனையின் கூடத்தில் காலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களில்..."

வெயில் எப்படி விழுந்தால் யாருக்கு என்ன? அழித்தேன்.

இரண்டாவது தொடக்கம்:

"கணினிக்குள் மூளை ஒன்றுதான். அதைக் கேட்டு நிற்கும் வேலைகளோ ஏராளம். யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. குடும்பமும் அப்படித்தான்..."

இதை எழுதிய என் கையை நானே அடித்துக்கொள்ள வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஆளாளுக்கு இந்த வித்தையைத்தான் காட்டுகிறார்கள். கணினியைச் சொல்வதுபோல் சொல்லி வாழ்க்கையைச் சொல்வது. வாசகர் 'அடடா' என்று தலையாட்டுவார் என்று ஒரு நப்பாசை. இந்தக் கதையில் அந்த வேலையெல்லாம் கிடையாது. ஒரு நிஜப் புரோகிராம் இருக்கிறது. அதனால் போன ஒரு நிஜக் கண் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று உவமை இல்லை.

மூன்றாவது தொடக்கம்:

"சுவரில் மாட்டியிருந்த திரையில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. அம்மாவின் எண் வரவில்லை."

இது நன்றாக இருக்கிறது. ஆனால் அம்மா நான்காம் பகுதியில்தானே வர வேண்டும்? எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன்.

3

பயிற்றுநர் எங்கள் எல்லாரையும்விட வயதில் சின்னவள். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ஓட்டிப்பாரு'. என்ன சந்தேகம் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டாள். "என்கிட்ட ஏன் கேக்குறீங்க? ஓட்டிப் பாருங்க" என்பாள். புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்களைக் கண்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

முதல் சில வாரங்களில், கீழே எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் இல்லாத வெறும் கணினியின் திரையில் ஒற்றை எழுத்தை வரவழைத்தோம். அதற்கே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பிறகு கீபோர்டில் தட்டுவது திரைக்குப் போக வழி செய்தோம். அதற்குப் பிறகுதான் 'அடுத்து யார்' என்று தீர்மானிக்கும் பகுதி வந்தது.

புத்தகத்தில் அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஐந்து வேலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முக்கியத்துவ எண். முக்கியமானதை முதலில் எடு, அது முடிந்ததும் அடுத்ததை எடு. கட்டம் போட்டுக் காகிதத்தில் எழுதினோம். ஐந்தும் முடிந்துவிட்டன.

"காகிதத்துல எல்லாருக்கும் முறை வந்துடும். அதான் காகிதம். இப்ப ஓட்டிப் பாருங்க" என்றாள் ஓட்டிப்பாரு.

தங்கை தன் ஐந்து வேலைகளுக்கும் அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் வைத்தாள். எதற்கு முறை வருகிறதோ அது தன் எழுத்தைத் திரையில் போட்டுவிட்டு விலகும். அ தான் ரொம்ப முக்கியம். உ கடைசி. ஓட்டினாள். உ கடைசியாக வந்தது, ஆனால் வந்துவிட்டது.

"இப்ப புதுசு புதுசா வேலை வந்துக்கிட்டே இருக்கிற மாதிரி மாத்துங்க. நிஜத்துல அப்படித்தானே இருக்கும்?"

மாற்றினாள். திரை நிறையத் தொடங்கியது. அ அ இ ஆ அ ஈ ஆ அ இ. வரிசை வரிசையாக மேலே ஏறி மறைந்துகொண்டே இருந்தன. உ இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தான் எழுதியதையெல்லாம் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள். உதடு அசைந்தது. உ தொலைந்துபோகவில்லை. அழியவும் இல்லை. வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதைவிட முக்கியமான யாராவது ஒருவர் வந்துகொண்டே இருந்தார்கள்.

"எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். உ வரவே மாட்டேங்குது."

ஓட்டிப்பாரு எட்டிப் பார்த்தாள். "அக்கா, நீங்க எழுதினது சரியாத்தான் இருக்கு. அதான் பிரச்சினை."

அன்றைக்கு மட்டும் அவள் வாய் திறந்து விளக்கினாள். புத்தகத்தில் இருக்கும் அட்டவணை ஐந்தோடு முடிந்துவிடுகிறது, அதனால்தான் யாருக்கும் இது கண்ணில் படுவதில்லை என்றாள். மருந்து ஒரே ஒரு வரி என்றாள். காத்திருக்கிற ஒவ்வொரு சுற்றுக்கும், காத்திருப்பவரின் முக்கியத்துவத்தை ஒன்று கூட்டிக்கொண்டே வர வேண்டும். எவ்வளவு கீழே இருந்தாலும் காத்திருந்த காரணத்தாலேயே ஒருநாள் மேலே வந்துவிடலாம்.

தங்கை அந்த ஒரு வரியைத் தட்டினாள். ஓட்டினாள். அ அ இ ஆ அ ஈ ஆ உ.

நான் மடத்தனமாகக் கைதட்டினேன். அவள் கீபோர்டைக் குத்தினாள். பாட்டில் உருண்டது.

வெளியே தாழ்வாரத்தில் போய்ச் சுவரில் நெற்றியை வைத்து நின்றாள். நான் பின்னாலேயே போனேன். [நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். கதை வாசனை அடித்தது, போனேன்.]

"அந்த உ எங்கம்மா" என்றாள்.

4

அம்மா...

இல்லை. தாழ்வாரத்தில் தங்கை என்ன சொன்னாள் என்பதைச் சொல்லாமல் அம்மாவைக் கொண்டுவந்தால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. அம்மா கொஞ்சம் உட்காரட்டும்.

5

அவள் சொன்னது இவ்வளவுதான். அம்மாவுக்கு ஒரு காலையில் வலது கண்ணின் ஓரத்தில் திரைச்சீலை இறங்கியதுபோல் ஒரு நிழல் விழுந்தது. கண் மருத்துவமனைக்குப் போனார். வரவேற்பில் இருந்தவர் "என்ன பண்ணுது?" என்று கேட்டார். அம்மா "கொஞ்சம் மங்கலா இருக்கு" என்றார். கூட்டிச் சொல்லிப் பழகாத மனுஷி. வரவேற்பில் இருந்தவர் 'சாதாரணம்' என்று தட்டி ஒரு டோக்கன் கொடுத்தார். அம்மா அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தார். முன்பதிவு செய்தவர்கள் வந்தார்கள், அவசரக்காரர்கள் வந்தார்கள், தனிக் கட்டணக்காரர்கள் வந்தார்கள். மாலையில் கூடத்தைப் பூட்டும்போது "நாளைக்கு வாங்கம்மா" என்றார்கள். மறுநாள் புது டோக்கன், அதே நாற்காலி, அதே "நாளைக்கு வாங்கம்மா".*

அதற்கடுத்த நாள் தங்கை அம்மாவை இழுத்துக்கொண்டு வேறு ஊர் மருத்துவரிடம் போனாள். விழித்திரை முழுசாகப் பிரிந்துவிட்டது என்றார் அவர். "முன்னாடியே வந்திருக்கலாமேம்மா?" என்றும் சொன்னார்.

அம்மாவின் வலது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும் தெரியும். ஆள் தெரியாது.

"எந்திரிச்சுப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ரெண்டு நாளும் கேக்கல. ஏன் கேக்கலன்னா சொல்லவும் மாட்டேங்குறாங்க" என்றாள் தங்கை. பிறகு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த டோக்கன் சாஃப்ட்வேர எழுதினது எங்கண்ணன்" என்றாள்.

* அந்த மென்பொருளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாள் முடியும்போது, கூப்பிடப்படாமல் மிஞ்சிய டோக்கன்களை எல்லாம் 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டு கணக்கை முடித்துவிடும். கூப்பிடாதது இயந்திரம். வராதது அம்மா. இதை எழுதும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

6

இந்த அண்ணன்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மனிதனாக அல்ல, பாத்திரமாக.

முதல் வரைவில் அவனை வில்லனாக்கியிருந்தேன். பளபளக்கும் கைக்கடிகாரம் கட்டிவிட்டேன். அம்மாவை "ஏய்" என்று கூப்பிட வைத்தேன். எழுத எழுத ஜோராக இருந்தது. தங்கை படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கண்ணன் இப்படி இருந்திருந்தா எனக்கு வேலை சுலபம்."

நிஜத்தில் அவன் நல்லவன். வேளாவேளைக்கு அம்மாவுக்குச் சொட்டு மருந்து விடுவது அவன்தான். மாடிப்படி இறங்கும்போது வலது பக்கமாகப் போய் நின்றுகொள்வான், அந்தப் பக்கம் அம்மாவுக்குத் தெரியாது என்பதால். கல்லூரியில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவன். அந்த மதிப்பெண்ணை அம்மா தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்திருக்கிறார். பரீட்சையில் கேட்ட கேள்விகளில் ஒன்று, காத்திருந்தும் முறையே வராத வேலைக்கு என்ன செய்வது என்பது. பதிலைப் பிழையில்லாமல் எழுதியிருந்தான்.

கண் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தது அவனும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனியின் முதல் பெரிய வேலை. திறப்பு விழாவுக்கு அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

[அம்மா மகனைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். இதைப் படிக்கிற யாராவது இது ஆசிரியரின் குறியீடு என்று கண்டுபிடிப்பார்கள். குறியீடும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அம்மாக்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மாற்றலாமா என்று யோசித்தேன், மாற்றவில்லை.]

4

அம்மா, இதோ உங்கள் முறை வந்துவிடும். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம், அதை இப்போதே சொல்லாவிட்டால் ஆறிப்போய்விடும்.

7

"சிஸ்டம் அப்படிங்க."

இந்த இரண்டு சொற்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. வங்கியில் கேட்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன். அந்தக் கண் மருத்துவமனையிலும் சொன்னார்களாம். "நாங்க என்னம்மா பண்றது, சிஸ்டம் அப்படி." ஏதோ மழை பெய்வதைப் பற்றிச் சொல்வதுபோல. மழையை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. சிஸ்டத்தை ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவருக்குப் பிறந்தநாள் வரும். பிடித்த சட்டை ஒன்று இருக்கும். மதியம் சாப்பிட்டபின் தூக்கம் வரும். அவர் ஒரு வரி எழுதினால் ஒருவருக்கு முறை வரும், எழுதாவிட்டால் வராது.

அந்த வகுப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது இது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரிப்பது பற்றி இப்போது கேட்டீர்களானால் முழிப்பேன். ஆனால் 'அடுத்து யார்' என்று தீர்மானிக்கிற பகுதியை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். அது வானத்திலிருந்து குதிப்பதில்லை. இனிமேல் யாராவது என்னிடம் சிஸ்டத்தைக் காட்டிக் கைகழுவினால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன்.

சரி. கட்டுரை போதும்.

8

கீபோர்டைக் குத்திய அன்று மாலையே தங்கை அண்ணனின் அறைக்குள் நுழைந்தாள். சின்ன அறை. மேசை, கட்டில், துவைத்த துணி குவிந்த நாற்காலி. கதவு பாதி திறந்திருந்தது. முன்னறையில் அம்மா இருந்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். உன் டோக்கன் சாஃப்ட்வேர்ல, ரொம்ப நேரமா உக்காந்திருக்கிறவங்கள மேல தூக்குற வரி இருக்கா?"

அவன் திரும்பினான். கோபப்படவில்லை. சிரித்தான்கூட. "ஏய், அந்த வகுப்புல அதுவரைக்கும் வந்துட்டியா? பரவால்லையே. இருக்கு. நானேதான் எழுதினேன். அது இல்லாம எப்படிக் குடுப்பேன்?"

"காட்டு."

"வா, பாரு."

லேப்டாப்பைத் திறந்தான். கோப்பைத் திறந்தான். தேடிப் போய் நின்றான். வரி இருந்தது. ஓட்டிப்பாரு சொல்லிக்கொடுத்த அதே வரி. இன்னும் அழகாகவே எழுதியிருந்தான்.

அதற்கு முன்னால் இரண்டு சாய்கோடுகள் இருந்தன.

இது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வரிக்கு முன்னால் // என்று போட்டுவிட்டால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. தாண்டிப் போய்விடும். படிக்கிற மனிதருக்கு மட்டும் அந்த வரி தெரியும். இருக்கும், ஆனால் ஓடாது. ஒரு வரியை அழிக்கவும் மனமில்லாமல் ஓடவும் விடாமல் தற்காலிகமாக நிறுத்தி வைக்க இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது இது.

பக்கத்திலேயே அவன் குறிப்பு எழுதியிருந்தான். 'டெமோவுக்கு மட்டும். அப்புறம் எடுக்கணும்.'

திறப்பு விழா ஒத்திகையில், சிறப்பு விருந்தினருக்கு வைத்திருந்த டோக்கனை ஒரு சாதாரண டோக்கன் முந்திக்கொண்டு திரையில் வந்துவிட்டது. அது ரொம்ப நேரம் காத்திருந்த டோக்கன். புரோகிராம் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. மருத்துவமனை மேலாளர் பதறிப்போய், "நாளைக்கு மேடையில இப்படி ஆச்சுன்னா மானம் போயிடும்" என்றார். அண்ணன் "ஒரு நிமிஷம் சார்" என்று இரண்டு சாய்கோடுகளைத் தட்டினான். மறுநாள் விருந்தினரின் எண் முதலில் வந்தது. கைதட்டினார்கள். அம்மாவும் கைதட்டினார். போட்டோ எடுத்தார்கள். அவன் மறந்துபோனான்.

யாரும் புகார் சொல்லவில்லை. புகார் சொல்லக்கூடியவர்களுக்கெல்லாம் முறை வந்துகொண்டிருந்தது.

அண்ணன் திரையையே பார்த்தான். அவன் அழுவான் என்று தங்கை எதிர்பார்த்தாள். அழுதிருந்தால் அவளும் அழுதிருப்பாள், அதோடு போயிருக்கும். அவன் அந்த இரண்டு கோடுகளையும் அழித்தான். சேமித்தான்.

"இன்னைக்கே அனுப்பிடறேன். அப்டேட்டோட அப்டேட்டாப் போயிடும். யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதா?"

"கத்தாத. அம்மா இருக்காங்க."

"கூப்பிடாமலே வீட்டுக்கு அனுப்பினீங்களே, அவங்க? 'வரவில்லை'ன்னு போட்டு வச்சிருக்கீங்களே, அவங்க நம்பரெல்லாம் அதுலதானே இருக்கு? அதுல எத்தனை பேரு இன்னைக்கு வீட்டுல ஒத்தக் கண்ணோட உக்காந்திருக்காங்களோ! இன்னும் போகாத கண்ணும் இருக்கும்ல? ஆஸ்பத்திரிகிட்டச் சொல்லு. ஒவ்வொருத்தரா போன் போட்டு வரச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்லச் சொல்ற? நாங்க தப்புப் பண்ணிட்டோம்னா? கம்பெனி நாளைக்கே மூட வேண்டியதுதான். என்கூட இருக்கிற ரெண்டு பேருக்கும் குடும்பம் இல்லையா?"

"அம்மாவுக்குக் கண்ணு இல்லையா?"

அவன் கையைக் கூப்பினான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. தாங்க மாட்டாங்க. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

நல்லவர்கள் பூசி மெழுகும்போது அது இப்படித்தான் இருக்கும். சுத்தமாக, அக்கறையாக, மற்றவர்களின் நன்மைக்காகவே செய்வதுபோல. அவனுக்குக் கடிகாரம் கட்டிய முதல் வரைவை ஏன் கிழித்தேன் என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

9

இனி முடிவு. என்னிடம் சில முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

முதல் முடிவு. அண்ணன் இரவெல்லாம் யோசித்து, காலையில் மருத்துவமனைக்குப் போய் உண்மையைச் சொல்கிறான். மேலாளர் அவன் தோளைத் தட்டி, "உன்னை மாதிரி நேர்மையான பையனை..."

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

இரண்டாம் முடிவு. தங்கை பத்திரிகைக்குப் போகிறாள். செய்தி வருகிறது. கம்பெனி மூடப்படுகிறது. விசாரணைக் குழு அமைக்கிறார்கள். யார் குற்றவாளி என்று ஆளாளுக்கு ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள். அந்த ஆரவாரத்தில் 'வரவில்லை' என்று குறிக்கப்பட்டவர்களுக்குப் போன் போட யாருக்கும் நேரம் இல்லை. நம்பத்தகுந்த முடிவு. அதனாலேயே எழுத மனம் வரவில்லை.

மூன்றாம் முடிவு. தங்கை வாயைத் திறக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவர் மகனின் தலையைத் தடவி, "போகட்டும் விடு கண்ணு. எனக்குத்தான் இன்னொரு கண்ணு..."

நிறுத்து! அம்மாக்களை மன்னிக்க வைப்பது எழுதுகிறவர்களின் கேடுகெட்ட பழக்கம். அது எங்களுக்குச் சுலபம். கதை ஈரமாக முடியும், வாசகர் மூக்கை உறிஞ்சுவார், அம்மாவிடம் நாங்கள் எதையும் கேட்க வேண்டியதில்லை.

அம்மாவிடம்...

அட. நான்காம் பகுதி எங்கே?

முதலில் தங்கையின் வாக்குமூலம் வந்தது. அப்புறம் அண்ணனின் நல்ல குணம், என் கட்டுரை, இரண்டு சாய்கோடுகள், மூன்று முடிவுகள். எல்லாம் அவசரம், எல்லாம் முக்கியம். ஒவ்வொன்றாக வந்து வந்து அவரை முந்திக்கொண்டு போயின. இத்தனை பக்கம் எழுதியும் அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. "உங்கள் முறை வந்துவிடும்" என்று நானும் கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறேன்.

இதற்குமேல் எதுவும் முந்தக் கூடாது.

4

அம்மா முன்னறையிலிருந்து எழுந்து வந்தார். வலது தோள் நிலைப்படியில் இடித்தது. அந்தப் பக்கம் தெரியாது. அண்ணன் பிடிக்க ஓடினான். அம்மா கையைத் தட்டிவிட்டார்.

"கதவை மூடிக்கிட்டுப் பேசத் தெரியாதா ரெண்டு பேருக்கும்? ஒரு கண்ணுதான் போச்சு. காது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

தங்கையின் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நான் ஏன் எந்திரிச்சுப் போய்க் கேக்கலன்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தியே. கேளு, சொல்றேன். பக்கத்துல இருந்தவங்கல்லாம் எந்திரிச்சுப் போய்க் கேட்டாங்க. சண்டை போட்டாங்க. நான்தான் சமாதானம் பண்ணி உக்கார வச்சேன். 'உக்காருங்க, இது என் பையன் எழுதினது. கணக்கா இருக்கும். யாரையும் விட்டுடாது'ன்னு." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "பெருமையா சொன்னேன்டா. அந்தக் கூடத்துல இருந்த அத்தனை பேர்கிட்டயும் சொன்னேன்."

"அம்மா..." என்றான் அண்ணன்.

"நான் இன்னும் முடிக்கல. எனக்கு இந்தப் பக்கம் ஒரு பொண்ணு உக்காந்திருந்தா. லேத் பட்டறையில வேலையாம். கண்ணுல இரும்புத்தூள் பட்டுடுச்சுன்னு கைக்குட்டையப் பொத்திக்கிட்டு வந்திருந்தா. வாயில்லாப் பூச்சி. 'லேசா உறுத்துது'ன்னுதான் சொன்னா, அவளையும் சாதாரணத்துல போட்டுட்டாங்க. மதியத்துக்கு மேல, 'நான் வேற ஆஸ்பத்திரிக்குப் போறேன்மா'ன்னு எந்திரிச்சா. கையப் புடிச்சு உக்கார வச்சது நானு. 'இவ்ளோ நேரம் இருந்துட்ட, இப்பப் போனா முறை போயிடும்'னு. மறுநாளும் வந்தா. மறுநாளும் உக்கார வச்சேன்."

அம்மாவின் குரல் ஏறவில்லை. தங்கை சொன்னாள், கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று.

"அவளுக்குப் போன் போட்டியா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என் கண்ணப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். அதுல இருந்து நீ தப்பிச்சுட்டேன்னு நினைக்காத. மறந்துட்டேன்னு சொல்ற, சரி, மறந்துட்ட. இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல? தெரிஞ்சப்புறமும் 'யாருக்கும் தெரியாது'ங்கிற பாரு, அத என்னால செரிக்க முடியல. அந்தப் பொண்ணு நம்பர் அதுல இருக்கா இல்லையா?"

"இருக்கும்மா."

"எடு."

"அம்மா, நாளைக்கு ஆஸ்பத்திரியில பேசிட்டு, முறையா..."

"நாளைக்கா?" அம்மா இப்போதுதான் சிரித்தார். "இந்த வார்த்தையத்தான் ரெண்டு நாளும் கேட்டுட்டு வந்தேன்."

துணி குவிந்திருந்த நாற்காலியை இழுத்தார். துணியை ஒரே தள்ளாகக் கீழே தள்ளினார். மகனுக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். தலையைக் கொஞ்சம் திருப்பி, பார்க்கிற கண்ணால் அவனையே பார்த்தார்.

"அவளுக்கு முதல்ல போடு. அப்புறம் அடுத்தவங்களுக்கு. ஒவ்வொருத்தரா. நீ முடிக்கிற வரைக்கும் உக்காந்திருக்கேன். எனக்கு உக்காரத் தெரியும்."

அண்ணன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். 'வரவில்லை' என்று வரிசையாக இருந்தது. போனைக் கையில் எடுத்தான்.

10

தங்கை எனக்குச் சொன்னது இதுவரைதான். அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். "நீதானே எழுத்தாளர், எழுது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அவளுக்கு என்மேலும் கோபம்தான். நியாயமான கோபம்.

எழுதுவது கஷ்டம் இல்லை. ஒரே ஒரு வரி போதும். ஆனால் அதை எழுதிவிட்டால் அவன் தப்பித்துவிடுவான். நீங்களும் நிம்மதியாக மூடிவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். லேத் பட்டறைப் பெண் எங்கேயோ ஒரு வீட்டில் கைக்குட்டையைக் கண்ணில் பொத்திக்கொண்டு, தன் முறை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

அதனால் அந்த வரியை அவன் வைத்ததுபோலவே வைக்கிறேன். உங்கள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கதைக்குள் அது நடக்காது, யாராவது அந்த இரண்டு கோடுகளை எடுக்கிற வரைக்கும். அம்மா உட்கார்ந்திருக்கிறார்.

// அவன் முதல் எண்ணை அழுத்தினான்.